வட்டத்துக்குள் என் தங்கை

வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தின் வீடியோவை வெட்டித் தொகுத்துப் பள்ளிவாசலின் யூடியூப் சேனலில் ஏற்றுவது என் வேலையாக இருந்தது. நோன்பு நேர அட்டவணை, பெருநாள் வாழ்த்து எல்லாமே கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டு மாடியறையில் நான் வடிவமைத்தவை. ஒரு பெண் செய்கிறாள் என்பதில் பள்ளிவாசல் கமிட்டிக்குச் சங்கடம் இல்லை. என்னைத்தான் யாரும் பார்க்கவில்லையே.

என் தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. நான் வெட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து, பிரசங்கம் செய்யும் உஸ்தாத் என்ன சொல்கிறார் என்று கையால் கேட்டுக்கொண்டே இருப்பாள். அவர் பேச்சைத் திரையின் கீழே எழுத்தாக ஓடவிட்டுப் பார்த்தேன். இரண்டு வரி படித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மலையாள எழுத்து அவள் கஷ்டப்பட்டுக் கற்றது. சைகைதான் அவள் பாஷை.

அண்டை வீட்டாரின் உரிமை பற்றிய பிரசங்கம் வந்த வாரம், நான் பொருளைக் கையால் சொல்லச் சொல்ல அவள் அதைத் தன் சைகையில் பேசினாள். அதைப் படமெடுத்து, திரையின் மூலையில் சின்ன வட்டமாக வைத்து ஏற்றினேன். அன்று சாயங்காலமே, கீழே கொடுத்திருந்த எண்ணில் ஆலுவாவிலிருந்து காது கேளாத தையல்காரர் ஒருவர் வீடியோ அழைப்பில் வந்தார். இத்தனை வருஷம் பள்ளிவாசலில் முன்வரிசையில் உட்கார்ந்து தாடி அசைவதைத்தான் பார்த்தேன் என்று கையால் சொன்னார்.

மறுநாள் கமிட்டிச் செயலாளர் வந்தார். கொடுத்த சாயாவைத் தொடவில்லை.

"மோளே, அந்த வட்டத்தை எடுத்துடு. பள்ளி வீடியோல பெண்ணு முகம் வந்தா ஆளுங்க சும்மா இருப்பாங்களா?"

"சைகை தெரிஞ்ச ஆம்பளை ஒருத்தரைக் கொண்டாங்க இக்கா."

"அது பார்க்கலாம். இப்போ முகத்தை மறைச்சு கையை மட்டும் காட்டினா போதுமே."

தங்கை என் தோளைத் தட்டினாள். அவர் சொன்னதில் ஒன்றையும் மறைக்காமல் கையால் சொன்னேன். புருவமும் உதடும் சேர்ந்தால்தான் அவர்கள் பேச்சு பேச்சாகும். அவள் அவரை நேராகப் பார்த்துக் கையசைத்தாள். நான் குரல் கொடுத்தேன்.

"வாயை மூடிக்கிட்டு இதே விஷயத்தைச் சொல்லுங்கன்னு கேக்குறா."

அவர் எழுந்து போய்விட்டார். ராத்திரிக்குள் வீடியோவை நீக்கினார்கள். நான் அவர்கள் வேலையை விட்டேன். எங்களுக்கென்று ஒரு சேனல் தொடங்கி, தங்கையைத் திரை முழுக்க வைத்தேன்.

அத்தாவின் கடைக்குச் சிலர் போய், பொண்ணுங்களை அடக்கி வையுங்கள் என்றார்கள்.

"ரெண்டும் கையாலதான் பேசிக்குதுங்க பாய். எனக்கு ஒண்ணும் காதுல விழல" என்றாராம் அத்தா.

நாங்கள் எதிர்பார்க்காதது உஸ்தாதை. இப்போது வியாழக்கிழமையே மறுநாள் பேசப்போவதைக் குரல் பதிவாக எனக்கு அனுப்பிவிடுகிறார். "எல்லாருக்கும் போய்ச் சேரட்டும்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

போன வாரம் பொறுமை பற்றிய பிரசங்கம். பொறுமை என்றால் தலையைக் குனிந்து காட்டலாமா என்று கேட்டேன். மாட்டேன் என்றாள். கேமராவைப் பார்த்துத் தாடையை உயர்த்தி, இரண்டு கால்களையும் அழுத்தி ஊன்றி நின்று அந்தச் சொல்லைச் சொன்னாள். அப்படியே ஏற்றினேன்.