வெர்லா கிண்டிய ஜெல்லி

வெர்லா டாக்கெட் இருபத்தேழு வருஷம் பள்ளிக்கூடச் சமையற்கூடத்தில் நானூறு பிள்ளைகளுக்குக் கிண்டிப் போட்டவள். ஓய்வு பெறும்போது பள்ளிக்கூடத்தார் ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். அவளோ ஒரு பெரிய பானையையும் கேட்டு வாங்கி வந்தாள். அந்தப் பானையில்தான் ஒவ்வொரு வசந்தத்திலும் ஊர்த் துப்பாக்கிச் சங்கத்துக்கு ஜெல்லி கிண்டுகிறாள். தின்பதற்கு அல்ல, சுடுவதற்கு.

ஜெலட்டின் தூள் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. சூடாக்கலாம், கொதிக்க விடக் கூடாது. அப்படி உறையவைத்த கட்டி மனிதச் சதைக்குச் சமானம் என்று கணக்கு. அதன் முன்னால் ஜீன்ஸ் துணியை நாலு மடிப்பாகத் தொங்கவிட்டுச் சுட வேண்டும். குண்டு பன்னிரண்டு அங்குலத்துக்குக் குறைவாகப் போனால் திருடனை நிறுத்தாது. பதினெட்டைத் தாண்டினால் அவனுக்குப் பின்னால் இருப்பவருக்கு ஆபத்து. அமெரிக்காவின் இந்த ஆர்கன்சா மலைப்பக்கத்தில் போலீசைக் கூப்பிட்டால் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகும். அதனால் இதெல்லாம் இங்கே வெட்டிப் பேச்சு இல்லை.

ஆனாலும் அவள் புருஷன் டெல்பர்ட்டும் அவன் சிநேகிதன் ஹாயிட்டும் பேசிய பேச்சில் முக்கால்வாசி வெட்டிதான். டெல்பர்ட்டுக்கு நாற்பத்தைந்து என்கிற பெரிய தோட்டாதான் தோட்டா. ஹாயிட்டுக்கு அதைவிடச் சிறிய ஒன்பது மில்லி. இருவருமே தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். வருஷா வருஷம் இரண்டு குண்டும் பதினான்கு, பதினைந்து அங்குலத்தில் போய் நிற்கும். சண்டை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போகும்.

"ஒன்பது மில்லி என் வீட்டு வாசப்படி ஏறாது," என்பான் டெல்பர்ட்.

"ஏறிக் கதவத் தட்டும்டா, நீதான் தொறப்ப," என்பான் ஹாயிட்.

இந்த வருஷம் வெர்லாவுக்குத் தனிக் கவலை இருந்தது. திங்கட்கிழமை டெல்பர்ட் லாரி எடுத்துக்கொண்டு மூன்று வாரம் போகிறான். அவளுக்கென்று படுக்கையோரம் அவன் வைத்திருப்பது அவனுடைய நாற்பத்தைந்து ரகக் கைத்துப்பாக்கி. அதன் மேல்பகுதியைப் பின்னுக்கு இழுத்தால்தான் முதல் தோட்டா ஏறும். பானை தூக்கித் தூக்கி வீங்கிப்போன கட்டைவிரலால் அவளுக்கு அது முடியவில்லை. இதை அவனிடம் சொல்ல வெட்கம். முந்நூற்றெண்பது என்று ஒரு சின்ன ரகம் உண்டு, கையடக்கமானது. அது போதும் என்று மட்டும் கேட்டிருந்தாள்.

"அந்தக் கொசுக்கடி திருடனுக்குக் கோவத்தத்தான் கெளப்பும், கண்ணு," என்று சிரித்தவன், "சரி, ஜெல்லி என்ன சொல்லுதோ அதுதான் முடிவு," என்றான்.

வெள்ளிக்கிழமை அவள் இரண்டு கட்டிகள் செய்தாள். முதலாவதைக் கிண்டும்போது தங்கை போனில் அழைத்தாள். பேச்சு சுவாரசியத்தில் பானை கொதித்துவிட்டது. கொதித்தால் ஜெல்லிக்குப் பிடிப்புப் போய்விடும்.

சனிக்கிழமை காலை மைதானத்தில் முதலில் அந்தக் கட்டிதான் மேசைக்கு வந்தது. சோதனைக்காகக் காற்றுத் துப்பாக்கியால் ஒரு சின்ன இரும்பு ரவையைச் சுடுவது வழக்கம். அது மூன்றே கால் அங்குலத்தை ஒட்டி நின்றால் கட்டி நல்ல கட்டி. அளப்பது வெர்லாவின் வேலை. அடிக்கோல் ஐந்து காட்டியது.

"சரியா இருக்கு," என்றாள். இருபத்தேழு வருஷத்தில் கெட்டுப்போன பாலைக்கூட அவள் நல்ல பால் என்று சொன்னதில்லை.

இளகிய கட்டியில், சங்கத்தில் ஒருவரிடம் வாங்கிச் சுட்ட முந்நூற்றெண்பதின் சின்ன குண்டு பதின்மூன்று அங்குலம் போனது. டெல்பர்ட்டின் நாற்பத்தைந்து பதினெட்டைத் தாண்டிப் பத்தொன்பதைத் தொட்டது. கூட்டம் ஹோவென்று சிரித்தது. டெல்பர்ட் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"தோத்துட்டேன். நீ கேட்டதுதான் சரி, வெர்லா. மத்தியானமே போய் வாங்கிடலாம்."

முணுமுணுத்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். அவன் முழு மனதோடு சொன்னதுதான் சுருக்கென்று தைத்தது.

"வேண்டாம். கட்டி கெட்டுப்போச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொல்லல," என்றாள். நேராகப் போய் ஐஸ் பெட்டியிலிருந்து இரண்டாவது கட்டியைத் தூக்கி வந்து வைத்தாள். ரவை மூன்றே காலில் நின்றது. சின்ன குண்டு ஒன்பதே அங்குலம். நாற்பத்தைந்து பதினான்கு. ஹாயிட்டின் ஒன்பது மில்லி பதினைந்து.

டெல்பர்ட் அவளைத் தனியே அழைத்துப் போனான்.

"ஜெல்லி விஷயத்துல நீ பொய் சொல்ற ஆளா? என்ன ஆச்சு?"

"உன் துப்பாக்கிய என்னால இழுக்க முடியலடா. ரெண்டு வருஷமா முடியல. நீ ஊர்ல இல்லாதப்போ அது பக்கத்துல சும்மாதான் கெடக்குது. நானும் பயந்துக்கிட்டு சும்மாதான் கெடக்குறேன்."

அவன் அவள் கையை எடுத்துப் பார்த்தான். விரலின் அடியில் கணு புடைத்திருந்தது. மெல்ல அழுத்தினான். அவள் முகம் சுளித்தது.

"இருபது வருஷமா தோட்டாவையே அளந்துக்கிட்டிருந்திருக்கேன்," என்றான் தரையைப் பார்த்து. "கையப் பார்க்கல."

திரும்பி நடந்து ஹாயிட்டின் முன்னால் போய் நின்றான்.

"உன் ஒன்பதக் கொஞ்சம் குடு. வெர்லா சுடணும்."

மைதானமே திரும்பிப் பார்த்தது. ஹாயிட் துப்பாக்கியை மேசையில் வைத்தான். அவனுடையது இலகுவாக இழுக்க வருகிற ரகம். வெர்லா பிடித்து இழுத்தாள், வந்தது. ஐந்து முறை சுட்டாள். ஐந்தும் கட்டிக்குள்தான் இருந்தன.

"இத அவளுக்கு விட்டுடு. என் நாப்பத்தஞ்ச நீ வச்சுக்க," என்றான் டெல்பர்ட்.

"இந்த வார்த்தைக்கு இருபது வருஷம் காத்துக்கிட்டிருந்தேன். இப்பப் பார்த்தா சிரிப்பு வர மாட்டேங்குது," என்றான் ஹாயிட்.

"சிரிச்சுக்க. இன்னிக்கு ஒரு நாள் மட்டும் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

ஹாயிட் சிரிக்கவில்லை. வெர்லாதான் சிரித்தாள், கண்ணில் நீர் முட்ட. திங்கட்கிழமை டெல்பர்ட் லாரியைக் கிளப்பிப் போனான். அன்றிரவு அவள் விடியும்வரை ஒரே தூக்கமாகத் தூங்கினாள்.