சிவப்புக் கோட்டில் ஒரு டூயட்

என் அத்தானுக்குக் கோபம் வருவது அபூர்வம். வந்தால் வீடு தாங்காது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவரைக் கிளப்பிவிட்டது ஒரு விண்வெளிப் படம்.

பெரிய மருத்துவமனையின் பின்பக்கம், ஜெனரேட்டருக்கு அடுத்தாற்போல் ஆக்சிஜன் அறை. இருபத்திரண்டு வருடமாக அத்தானுக்கு அங்கேதான் வேலை. சுவரோரம் வரிசையாகச் சிலிண்டர்கள், அவற்றின் தலையில் அழுத்தம் காட்டும் கேஜ்கள். முள் சிவப்புக் கோட்டைத் தொடுவதற்குள் அடுத்த வரிசையைத் திறந்தாக வேண்டும். தவறினால் மேலே வார்டில் யாரோ மூச்சுக்குத் தவிப்பார்கள். கேஜைப் பார்க்காமல் அவர் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். நர்ஸுகள் 'கேஜ்காரர்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

வீட்டிலும் அதே பாடுதான். என் அக்காவுக்கு நுரையீரல் கெட்டு இரண்டு வருடமாகிறது. நிமிடத்துக்கு இரண்டு லிட்டர், இரவும் பகலும் என்று டாக்டர் எழுதிவிட்டார். சின்ன சிலிண்டர் ஒன்று பன்னிரண்டு மணி நேரம் வரும். ஆக, ஒரு நாளைக்கு இரண்டு. லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடிக்கு, அறுபதை நெருங்கும் மனிதர், தோளில் சுமந்து வருவார். மூன்று மாதமாக அது ஒரு நாளைக்கு ஒன்றாகக் குறைந்திருந்தது. "நல்லாயிருக்கிற நேரத்துல கழட்டி வெச்சுக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்றாள் அக்கா. அத்தான் அதை மருத்துவமனை முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போனார்.

அன்று அவருக்கு விடுமுறை. அத்தி பூத்தாற்போல் வரும் விடுமுறை. அவர்கள் வீட்டிலேயே இருக்கும் நானும் சேர்ந்து, மூன்று பேருமாக டிவி முன்னால் உட்கார்ந்தோம்.

என்ன படம் எடுத்திருக்கிறான்கள்! காலையில் அறிமுகம், மத்தியானம் காதல், சாயங்காலம் உயிர்த்தியாகம். உலகத்திலேயே பொறுக்கி எடுத்து விண்வெளிக்கு அனுப்பிய பெண் விஞ்ஞானி, கதாநாயகன் சிரித்ததும் ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதையே மறந்துவிடுகிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கப்பல் உடைகிறது. இருவருக்கும் மிச்சம் ஒரே சிலிண்டர். அவன் தன் பக்கத்து வால்வை ரகசியமாக மூடிவிட்டு, 'எனக்கு நிறைய இருக்கு' என்கிறான். முள் சிவப்பில் கிடக்கிறது. உடனே பாட்டு! ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு முத்தம் வேறு.

"அடப்பாவி!" அத்தான் எழுந்தே விட்டார். "முள்ளு சிவப்புல கிடக்கு, இவன் சரணம் பாடறான்! காதுல பூ சுத்தறதுக்கும் ஒரு அளவு வேணாமா?"

"விடுங்க அத்தான், படம்தானே."

"என்ன படம் மாப்ளே? அவகிட்ட உண்மையைச் சொல்லியிருந்தா ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டு, அளவா மூச்சு விட்டு, பொழைக்க வழி பார்த்திருக்கலாம். கேஜை மறைக்கிறவன் காதலனா? கொலைகாரன்!"

மூக்கில் குழாயோடு கட்டிலில் சாய்ந்திருந்த அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவ பயந்துடக் கூடாதுன்னு சொன்னான், பாவம். எல்லாத்தையும் தண்டோரா போட்டுத்தான் செய்யணுமா?"

எரிகிற தீயில் எண்ணெய் வார்த்தாற்போல் ஆயிற்று. "கேஜ்னா என்னன்னு காட்டறேன், இங்க வா மாப்ளே!" கட்டிலுக்குப் பின்னால் போய், சிலிண்டர்மேல் கிடந்த துண்டை உருவினார். துண்டு அக்காவின் ஏற்பாடு. இல்லாவிட்டால் வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறதாம்.

"காலையில ஆறு மணிக்கு மாட்டினது. இப்ப மூணு. ஒம்பது மணி நேரம். இன்னிக்கு இவ குழாயைக் கழட்டவே இல்ல, பார்த்துக்கிட்டேதான் இருக்கேன். அப்ப முள்ளு எங்க நிக்கணும்? கால் பங்குல. இதோ பாரு..."

முள் பாதிக்கு மேலே நின்றது.

குனிந்து, காற்றின் அளவைக் காட்டும் கண்ணாடிக் குழாயைப் பார்த்தார். இரண்டில் மிதக்க வேண்டிய உருண்டை ஒன்றில் மிதந்துகொண்டிருந்தது.

"யாரு குறைச்சது?"

அக்கா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளா?"

"மூணு மாசமா."

"டாக்டர் சொன்னாருன்னு சொன்னியே?"

"அவர் ஒண்ணும் சொல்லல."

"அறிவிருக்கா உனக்கு? உதடு ஏன் நீலமா இருக்குன்னு கேட்டேன். குளிருதுன்னு சொன்னே!"

"கத்தாதீங்க. தூக்கத்துல முதுகைப் பிடிச்சுக்கிட்டு முனகறீங்களே, எனக்கென்ன காது இல்லையா? சிலிண்டரோட படியில விழுந்து வெச்சா என்ன பண்றது? பாதிக் காத்துல நான் இருந்துக்குவேன்."

"என் முதுகு போனா தைலம் தேய்ச்சுக்கலாம். நீ போனா எதைத் தேய்ச்சுக்கறது?"

சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. குமிழைத் திருகி உருண்டையை இரண்டுக்கு ஏற்றினார். அப்படியே தரையில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அக்காமேல், அந்தப் படத்தை எடுத்தவன்மேல், மூன்று மாடி கட்டி லிஃப்ட் வைக்காத வீட்டுக்காரன்மேல். யாரையாவது நாலு வார்த்தை திட்டாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போலிருந்தது.

"ஏன்க்கா, என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்று கத்தினேன்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். குரலில் கோபமே இல்லை.

"உன்கிட்டயா?" என்றாள்.

எனக்கு நாற்பத்தொரு வயது. வேலை போன பிறகு மூன்று வருடமாக அந்த வீட்டுச் சோற்றைத்தான் தின்கிறேன். ஒரு சிலிண்டரைக்கூட நான் தூக்கியதில்லை. அத்தான் மூச்சு வாங்க மேலே வரும்போது கதவைத் திறந்துவிட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.