மேட்டூரிலிருந்து கூடவே வந்த 'கிணுங்'

மதியம் இரண்டு மணிக்கு மேட்டூரை விட்டுக் கிளம்பினோம். வளைகாப்பு முடிந்து, ஒன்பது மாதக் கர்ப்பிணியான மகள் கவிதாவைத் தலைப்பிரசவத்துக்கு மோகனூருக்கு அழைத்து வருகிறோம். எடப்பாடி, சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் வழியாக ஏறக்குறைய நூற்றுப் பத்து கிலோமீட்டர். ஓட்டுவது நான். பின்சீட்டில் மகளும் என் மனைவி சரசுவும்.

சரசுவின் முகம் உர்ரென்று இருந்தது. "ஆஸ்பத்திரி இங்கயே பக்கத்துல இருக்க, எதுக்கு அவ்வளவு தூரம் அலைய உடோணும்?" என்று சம்பந்தியம்மா கேட்க, "தலைப்பிரசவம் தாய் ஊட்டுலதானுங்க" என்று இவள் சூடாகச் சொல்ல, பேச்சு முறிந்துவிட்டது. ஒரு கை தட்டினால் ஓசை வருமா? சம்பந்தியம்மா வழியனுப்ப வாசலுக்குக்கூட வரவில்லை.

எடப்பாடி தாண்டியதும் ஒரு வேகத்தடையில் பின்பக்கம் 'கிணுங்' என்றது. காலையில் வரும்போது இல்லாத சத்தம். பிரேக் பிடித்தால் இல்லை. பள்ளத்தில் இறங்கினால் மட்டும். சக்கரம் ஏதும் கழன்றுகொள்ளுமோ என்று வேகத்தைக் குறைத்தேன். பின்னால் இருப்பவள் ஈருயிர்க்காரி ஆயிற்றே.

சங்ககிரியில் ஒரு டீக்கடை நிழலில் நிறுத்தினேன். டீ பதினைந்து ரூபாய், சர்க்கரை தூக்கல். சக்கர நட்டுகளை இறுக்கிப் பார்த்தேன். சைலன்சரைக் காலால் தட்டினேன். டிக்கியிலிருந்த சீர்ப் பாத்திரங்களை இறக்கிவிட்டுக் காரைப் பிடித்துக் குலுக்கினேன். 'கிணுங்'. மகளின் சீட்டுக்கு அடியில்தான்.

கையை விட்டால் ஒரு பழைய இரும்புத் தாழ்ப்பாள்.

"அது நான் வெச்சதுங்க," என்றாள் சரசு. "புள்ளத்தாச்சி பயணம் போனா கூட இரும்பு இருக்கோணுமில்ல."

"காரே இரும்புதானே!"

"அது வேறைங்க. ஏனுங்க, காலையில வாரப்பவும் இது இருந்துச்சே, சத்தம் போடலையே?"

மறுபடி கையை விட்டேன். ஒரு பாக்குவெட்டி வந்தது. கவிதா வாய்விட்டுச் சிரித்தாள், கண்ணும் கலங்கியது.

"எங்க அத்தையோடதுங்கப்பா. இது இல்லீனா அவங்களுக்கு ஒரு பொழுது ஓடாது."

வாசலுக்கு வராதவர், நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது காருக்கு வந்து போயிருக்கிறார். சரசு பாக்குவெட்டியைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தாள். பிறகு இரண்டு இரும்பையும் ஒரே துண்டில் உரசாதபடி சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்தாள். போனை எடுத்தாள்.

"சம்பந்திங்களா? இனிப் பாக்கை எதுலீங்க வெட்டுவீங்க?"

ஸ்பீக்கரில் சம்பந்தியம்மாவின் குரல் வந்தது. "கல்லுல தட்டிக்கறேனுங்க. தாயும் கொழந்தையும் ஊடு வந்து சேரறப்ப அதையும் கொண்டாங்க. அதுவரைக்கும் புள்ள தலமாட்டுலயே இருக்கட்டும்."

மோகனூர் வரை ஒவ்வொரு பள்ளத்திலும் காதைத் தீட்டிக்கொண்டுதான் ஓட்டினேன். ஒரு சத்தமும் இல்லை, போனை வைக்காமல் பேசிக்கொண்டே வந்த இரண்டு சம்பந்திகளின் சத்தத்தைத் தவிர.