அப்பாவின் பெயர் போதாதாம்!

சென்ற வருடம் வைகாசி மாதம். டுசல்டோர்ஃப் நகரில், ரைன் ஆற்றங்கரையில், ஒரு வெள்ளைக் கப்பலுக்கு முன்னால் பூங்கொத்தோடு நின்றுகொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் கன்னியர்மடப் பள்ளியில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள் அந்தக் கப்பலில் வந்து இறங்கப் போகிறாள். அவள் இப்போது கனடாவில். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நாங்கள் நேரில் சந்தித்ததே இல்லை.

அவளுடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்குப் பிள்ளைகள் கரீபியன் தீவுகளுக்குக் கப்பல் பயணம் ஒழுங்கு செய்ய இருந்தார்களாம். நீலக்கடல், வெள்ளை மணல் என்று படமெல்லாம் காட்டினார்களாம். இவள்தான் ரைன் ஆற்றுக் கப்பல்தான் வேண்டும் என்று அடம்பிடித்திருக்கிறாள். ஏனென்றால் அந்தக் கப்பல் காலையிலிருந்து பின்னேரம் வரை டுசல்டோர்ஃபில் நிற்கும். அவளுடைய அப்பாவை இங்கேதான் புதைத்திருக்கிறார்கள்.

அவர் அகதியாக வந்து, ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவர். நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே இங்கே மாரடைப்பில் போய்விட்டார். ஊரில் போரால் பாதைகள் பூட்டிக் கிடந்த காலம் அது. செய்தி வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து பல நாளாகியிருந்தது. அறை நண்பர்கள் அனுப்பிய ஒரே ஒரு படம்தான் வந்தது. ஒரு மரச்சிலுவை, அதைச் சுற்றிக் குளிர்ச்சட்டை போட்ட நாலைந்து ஆண்கள், படத்தின் பின்பக்கம் சேமக்காலையின் பெயர். கல்லறைத் தோட்டத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அந்த நண்பர்களும் பிறகு லண்டன், நோர்வே என்று ஆளுக்கொரு பக்கமாகப் போய்விட்டார்கள்.

நான் திருமணமாகி இந்த நகருக்கு வந்த புதிதில், போய் ஒரு மெழுகுதிரி கொளுத்தட்டுமா என்று அவளிடம் கேட்டேன். "வேண்டாமடி, முதல் நான்தான் போகவேணும்" என்று சொல்லிவிட்டாள். பிள்ளைகள், வேலை, வீட்டுக்கடன் என்று அந்த 'முதல்' வருவதற்கு இத்தனை வருடம் ஆகிவிட்டது.

கப்பலால் இறங்கியவளைக் கட்டிப்பிடித்து அழுது முடித்ததும் நேரே டிராம் ஏறிச் சேமக்காலைக்குப் போனோம். அது ஒரு ஊரளவு பெரியது. கேட்காமல் கண்டுபிடிக்க ஏலாது. வாசலில் இருந்த அலுவலகத்துக்குள் நுழைந்தோம். அங்கே இருந்த இளைஞர் முதலில் கேட்டது, டேர்மின் இருக்கிறதா என்று. இந்த நாட்டில் செத்தவரைப் பார்ப்பதற்கும் நேரம் குறித்துக்கொண்டுதான் வரவேண்டும் போலிருக்கிறது. கப்பல் கதையைச் சொன்னேன். சரி என்று, அவள் சொன்ன அப்பாவின் பெயரைக் கணினியில் தட்டினார். அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றார்.

அவள் முகம் செத்துப்போயிற்று. எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? எங்கள் பெயருக்குப் பின்னால் வருவது அப்பாவின் பெயர். அவருடைய பெயருக்குப் பின்னால் அவருடைய அப்பாவின் பெயர். இங்கே வந்து இறங்கிய அன்றைக்கு அதைத்தான் குடும்பப் பெயர் என்று எழுதிவிட்டார்கள். என் கணவருக்கும் அப்படியே எழுதியதால், எனக்கு வரும் கடிதமெல்லாம் என் மாமனாரின் பெயருக்கு முன்னால் 'திருமதி' போட்டுத்தான் வருகிறது. மாமனார் உயிரோடு இருந்திருந்தால் வெட்கப்பட்டே செத்திருப்பார். ஆகவே அவளுடைய அப்பப்பாவின் பெயரைச் சொல்லித் தேடச் சொன்னேன். இருந்தார்! அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

இளைஞர் எங்களை நிமிர்ந்து பார்த்து, இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டார். மகள் என்றேன். அவளுடைய கனடா கடவுச்சீட்டை வாங்கிப் பார்த்தார். கலியாணத்துக்குப் பிறகும் அவள் தன் அப்பாவின் பெயரை விடவில்லை, அதில் இருப்பது அதுதான். குடும்பப் பெயர் பொருந்தவில்லையே என்றார். தகவல் பாதுகாப்புச் சட்டமாம், உறவு இல்லாதவருக்கு ஒன்றும் சொல்ல முடியாதாம். கடவுச்சீட்டை மேசை மேலால் திருப்பி நீட்டினார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் பிள்ளைகளே சொல்வார்கள். அன்றைக்கு அது தலைக்கு மேல் ஏறிவிட்டது. முப்பது வருடமாக வரி கட்டிப் பழகிய என் ஜெர்மன் முழுவதையும் அவர் மேல் கொட்டினேன். "பேசாமல் இரடி, பாவம் அந்தப் பொடியன், கோவிக்கப் போறான்" என்று அவள் என் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள். அப்பாவைப் பார்க்க வந்தவள் பொடியனுக்குப் பாவம் பார்க்கிறாள்!

சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து வயதான அம்மையார் ஒருவர் வந்தார், அவருடைய மேலதிகாரி. நான் அவரிடம் ஒன்றுதான் கேட்டேன். திரையில் இருக்கும் இறந்தவரின் முதற்பெயரை வாசியுங்கள், பிறகு இவளுடைய கடவுச்சீட்டில் இருக்கும் குடும்பப் பெயரை வாசியுங்கள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்து எழுத்தாக வாசித்தார். எங்கள் பெயர்களின் நீளம்தான் தெரியுமே. இரண்டும் ஒன்று என்று கடைசியில் கண்டார். மன்னிப்புக் கேட்டார். இளைஞரும் கேட்டார்.

வென்றுவிட்டோம் என்று நினைத்தேன். அம்மையார் திரையைத் திரும்பப் பார்த்தார். அவர் குரல் இறங்கிப்போனது. 'ரூஹெசைட்' முடிந்து பல வருடங்கள் ஆகிவிட்டன, கல்லறை அகற்றப்பட்டுவிட்டது என்றார்.

"என்னவாமடி?" என்று அவள் கேட்டாள்.

இங்கே சேமக்காலை நிலம் ஒரு தவணைக்குத்தான். தவணை முடிந்து யாரும் நீடிக்காவிட்டால் கல்லை எடுத்துவிடுவார்கள். அந்தத் தவணைக்கு வைத்திருக்கும் பெயர்தான் ரூஹெசைட். தமிழில் சொன்னால் இளைப்பாறும் காலம். அப்பாவின் இளைப்பாறும் காலம் முடிந்துவிட்டது என்று ஒரு மகளிடம் எந்த வாயால் சொல்வது? "அப்பாவின்ர கல்லை எடுத்துப்போட்டினமாம்" என்று மட்டும் சொன்னேன். ஊர்ச் சேமக்காலையில் ஷெல் விழுந்தும் அவளுடைய அப்பப்பாவின் கல் இன்றைக்கும் நிற்கிறது. அவர் வந்த பிறகு ஒரு குண்டும் விழாத நாட்டில் மகனின் கல் இல்லை.

எடுப்பதற்கு முன்னால் உறவினரைத் தேடினீர்களா என்று கேட்டேன். தேடினார்களாம். இறந்தவரின் குடும்பப் பெயரில் இந்த நகரத்திலும் வேறெங்கும் யாரையும் காணவில்லையாம். உறவினர் எவரும் இல்லை என்று முடிவு செய்தார்களாம்.

எப்படி இருப்பார்கள்? அந்தப் பெயர் அவர் தகப்பனின் பெயர். உலகத்தில் அவருடைய பிள்ளைகள் யாருமே அந்தப் பெயரில் இருக்கப் போவதில்லை. தவணைச் சட்டம் ஜெர்மன்காரருக்கும் இதுதான், அதில் எனக்குக் கோபம் இல்லை. ஒரு மனிதனை அவன் தகப்பனின் பெயரில் பதிந்துவைத்து, அந்தப் பெயரிலேயே அவன் பிள்ளைகளைத் தேடி, பிள்ளைகளே இல்லை என்று முடிவு கட்டினார்களே, அதுதான் பொறுக்கவில்லை. எங்களில் ஒருவரைக் கூப்பிட்டு, உங்கள் பெயர் எப்படி வரும் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

அம்மையாரே எங்களோடு நடந்து வந்து இடத்தைக் காட்டினார். பூச்செடிகளும் விளக்குகளுமாக இருந்த கல்லறைகளுக்கு நடுவே ஒரு துண்டுப் புல்வெளி. அதில் மூன்று கல்லறைகள் இருந்தனவாம். எது அவளுடைய அப்பாவினுடையது என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. தலைகுனிந்து விடைபெற்றுக்கொண்டு போனார்.

நான் இன்னும் பொரிந்துகொண்டு நின்றேன். அவள் புல்லில் முழந்தாளிட்டு, கைப்பையிலிருந்து மெழுகுதிரியை எடுத்துக் கொளுத்தினாள்.

"ஆர் எவடத்தில எண்டு தெரியாது. மூண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்லுவம்" என்றாள்.

சிறு வயதிலிருந்து ஒவ்வொரு செத்தவீட்டிலும் சொல்லும் செபத்தைத் தொடங்கினாள். நித்திய இளைப்பாற்றி என்ற சொல் வந்ததும் நான் கூடச் சொல்வதை நிறுத்திவிட்டேன். அவள் நிறுத்தவில்லை. முடித்து எழும்பி, முழங்காலில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு, "வா, கப்பலுக்கு நேரமாச்சு" என்றாள்.

அவள் ஆறிவிட்டாள், நான் ஆறவில்லை. அவளுடைய அப்பாவின் பெயர் இன்று இந்த நாட்டில் எந்தக் கல்லிலும் இல்லை, அவள் தன் பெயரோடு சேர்த்துச் சுமக்கும் இடத்தில் மட்டும்தான் இருக்கிறது. அந்தப் பெயர் இருந்த கடவுச்சீட்டையே, நீ அவர் மகள் இல்லை என்று சொல்லி ஒருவர் திருப்பி நீட்டிய அந்தக் கை என் கண்ணை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.