உப்பு எடுத்துப் போகாத சமையல்காரிகள்

எண்ணூர்ப் பக்கம் அரசாங்கம் ஒரு பெரிய கட்டடம் கட்டிக்கொண்டிருந்த காலம். காண்டிராக்ட் எடுத்தவருக்கு ஒரு நிபந்தனை உண்டு. கூலியாட்களுக்குச் சோறு போடும் கேன்டீனை வியாசர்பாடியிலிருந்த எங்கள் ஆதிதிராவிடப் பெண்கள் கூட்டுறவுச் சங்கத்திடம் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டதாக அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். எங்களுக்குத்தான் தெரியாது. சங்கத்துக்கு நான் தலைவி, என் காதுக்கே வரவில்லை என்றால் பாருங்கள்.

அங்கே மண் சுமந்துகொண்டிருந்த என் வீட்டுக்காரர்தான் வந்து சொன்னார். கேன்டீன் வாசலில் எங்கள் சங்கத்தின் பெயர்ப்பலகை தொங்குகிறதாம், உள்ளே காண்டிராக்டரின் மச்சான் ஆள் வைத்துச் சமைக்கிறானாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போய்க் கேட்டுவிடலாம் என்று நாங்கள் கூடிப் பேசுவதற்குள் காண்டிராக்டரின் மேஸ்திரி எங்கள் தெருவுக்கே வந்துவிட்டார். பார்வையிட அதிகாரி வருகிறாராம். ஒரு நாள் வந்து சமைத்துவிட்டு, ஆரம்பத்திலிருந்து நாங்கள்தான் சமைக்கிறோம் என்று சொல்ல வேண்டுமாம். மாட்டோம் என்றால் என் வீட்டுக்காரருக்கு மறுநாள் வேலை கிடையாது. இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார், பாவி.

அதிகாரி வரும் நாள் காலையில் நான் மசாலா அரைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நீ இன்னா சொல்றியோ சொல்லு. ஆனா நாளைக்கும் நம்ம வூட்ல அடுப்பு எரியணும், அதையும் நெனச்சுக்கோ" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஐந்து பேர் போனோம். அண்டா, கரண்டி, அரைத்த மசாலா எல்லாம் எங்களுடையது. அரிசியும் மீனும் மேஸ்திரி இறக்கிவைத்திருந்தார். அதிகாரி என்ன கேட்பார், நான் என்ன சொல்வேன் என்று கிண்டக் கிண்ட அதே யோசனை. குழம்பு இரண்டு முறை மேலே தெறித்தது.

மதியம் வருவார் என்றார்கள், மனிதர் முன்னாலேயே வந்து நின்றார். கூடவே காண்டிராக்டர். சாப்பாட்டு வரிசை சேர ஆரம்பித்திருந்தது, அதில் என் வீட்டுக்காரரும் இருந்தார். அதிகாரி ஒரு சொட்டுக் குழம்பை உள்ளங்கையில் வாங்கி நக்கிப் பார்த்து, உப்பே இல்லையே, கொஞ்சம் போடுங்கள் என்றார்.

நாங்கள் இறக்கும்போதுதான் உப்புப் போடுவோம். அதுவல்ல சிக்கல். எங்கள் தெருவில் யார் வீட்டு விசேஷத்துக்குச் சமைக்கப் போனாலும் உப்பு அந்த வீட்டார் கொடுப்பது. சமைக்கிறவள் தன் வீட்டு உப்பை எடுத்துப் போக மாட்டாள். அந்தப் பழக்கத்தில் ஒருத்திகூட உப்புக் கொண்டுவரவில்லை. அலமாரி டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்தோம். ஒன்றில் சர்க்கரை, ஒன்றில் டீத்தூள், ஒன்றில் ஆணி. வரிசையில் எவனோ சிரித்தான்.

"தீர்ந்துபோயிருக்கும் சார்" என்றார் காண்டிராக்டர். தலையாட்டினால் போதும், அன்றைய கண்டத்தைத் தாண்டிவிடலாம். அதிகாரி என்னைத்தான் பார்த்தார். நான் வரிசையில் நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்க கீதுன்னு எங்களுக்குத் தெரியாது சார். நாங்க இன்னிக்குத்தான் உள்ளாற வந்தோம்" என்றேன்.

சாயங்காலமே வீட்டுக்காரரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு மழைக்காலம் முழுக்க, கேன்டீன் வருமா வராதா என்று தெரியாமல் நாங்கள் அரைவயிற்றோடு கிடந்தோம். கடைசியில் அதிகாரி விடாமல் நெருக்கி, கேன்டீனை எங்கள் கையில் கொடுக்க வைத்தார். ஆனால் என் வீட்டுக்காரரை உள்ளே விடுவதில்லை என்று காண்டிராக்டர் ஒரே பிடியாக நின்றுவிட்டார்.

வீட்டுக்காரர் கேட்டுக்கு வெளியே லாரிகளில் மூட்டை இறக்கப் போனார். உள்ளே அத்தனை பேருக்கும் பரிமாறிவிட்டு, தூக்குவாளியில் அவர் பங்கை எடுத்துக்கொண்டு நான் தினமும் வெளியே வருவேன். புளியமரத்தடியில் உட்கார்ந்து மூடியைத் திறந்துகொண்டே கேட்பார்:

"இன்னாம்மே, உப்பு எங்க கீதுன்னு இன்னிக்காச்சும் தெரிஞ்சுதா?"