தாய்மாமன் கடைசியில் நின்ற மெயில்

பேத்தியின் கல்யாண அழைப்பை எல்லாருக்கும் மெயிலில் அனுப்பியது நான்தான். ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவளிடம் அந்த வேலையைக் கொடுத்தது வீட்டாரின் குற்றம், என்னுடையது இல்லை. வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்பியிருக்கலாம். அதைப் போன தீபாவளிக்கு முறுக்குச் சண்டையில் கலைத்துவிட்டோம். சண்டையை ஆரம்பித்தது யார் என்று இங்கே கேட்காதீர்கள்.

மகன் தினமும் கடல் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். மருமகளுக்குப் பக்கத்து ஊரான ஸ்கூடாயில் கிளினிக் வேலை.

"அத்தை, எல்லாரோட முகவரியும் இந்தத் தாள்ல இருக்கு. ஒவ்வொண்ணா அடிச்சு, கார்டையும் சேத்து அனுப்பிடுங்க. ஞாயித்துக்கெழம நேர்ல போய்க் கூப்பிட்டுக்கலாம்" என்று சொல்லி, மருமகள் கம்ப்யூட்டரை என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

நான் ஒற்றை விரலால் அடிக்கிறவள். ஆகவே குட்டி முகவரிகளை முதலில் முடித்தேன். போட்டோகாரருடையது குட்டி. பந்தல்காரருடையது அதைவிடக் குட்டி. தெப்ராவில் இருக்கும் என் நாத்தனாருக்கு ஏழே எழுத்து. சாஆ ஊரில் இருக்கும் மருமகளின் அண்ணன் மட்டும் தன் பெயர், அப்பா பெயர், கார் நம்பர் எல்லாவற்றையும் கோர்த்து ரயில் வண்டி மாதிரி ஒரு முகவரி வைத்திருந்தார். அவரைக் கடைசியில் அடித்தேன். கல்யாணப் பெண்ணுக்குத் தாய்மாமன் அவர். முதல் அழைப்பும் முதல் மரியாதையும் அவருக்குத்தான். அது எனக்குத் தெரியும். என் விரலுக்குத் தெரியவில்லை.

எல்லாரையும் ஒரே பெட்டியில் போட்டால் எல்லார் கண்ணுக்கும் எல்லாரும் வரிசையாகத் தெரிவார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே அவர் போன் போட்டார்.

"என்னா அத்தை, போட்டோகாரனுக்கு அப்புறம்தான் நானா?"

"பந்தல்காரருக்கும் அப்புறந்தான் தம்பி."

உண்மையைத்தான் சொன்னேன். போனை வைத்துவிட்டார்.

இதோடு முடிந்திருந்தால் சமாளித்திருக்கலாம். என் நாத்தனாருக்கு ஒரு பழக்கம். திரையில் எது மின்னினாலும் தட்டிவிடுவாள். இலவச ரைஸ் குக்கர் என்று வந்த ஒரு மெயிலைத் தட்டி, பாஸ்வேர்டையும் எழுதிக் கொடுத்திருக்கிறாள். திருடன் அவள் மெயில் பெட்டிக்குள் புகுந்தான். அங்கே என் அழைப்பில் அறுபத்து மூன்று முகவரிகள், சந்தைக்குக் கொண்டுபோகக் காலைக் கட்டி வைத்த கோழிகள் மாதிரி வரிசையாகக் கிடந்தன. அள்ளிக்கொண்டு போய்விட்டான். மூன்றாம் நாளிலிருந்து சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் குப்பை மெயில். அனுப்பியவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டிருந்தான் பாவி. தெரிந்த பெயராயிற்றே என்று எல்லாரும் திறந்து பார்த்தார்கள்.

சாஆ தம்பிக்கு வந்தது முடி வளரும் மருந்துக்கு விளம்பரம். அவர் தலையில் ஈ உட்கார்ந்தால் சறுக்கி விழும்.

இந்த முறை தங்கைக்குப் போன் போட்டார். "ஒன் மாமியார் என்னைக் கடைசியில போட்டாங்க, பொறுத்துக்கிட்டேன். இப்ப மண்டைக்கு மருந்து அனுப்புறாங்க. கல்யாணத்துக்கு நான் வரல. ஞாயித்துக்கெழம யாரும் இங்க வர வேணாம்."

மருமகளுக்கு அப்பா அம்மா இல்லை. பிறந்த வீடு என்று சொல்ல அந்த அண்ணன் ஒருவர்தான். இரண்டு நாளாகச் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்தாள். "அண்ணன் வரலன்னா மேடையில என் பக்கம் யாரு அத்தை நிப்பா?" என்று கேட்டாள்.

மறுநாள் பழைய மெயிலைத் திறந்து பார்த்தவள், "அலமாக்! எல்லாரையும் வெட்டவெளியில நிக்க வெச்சிருக்கீங்களே! பிசிசில போட்டிருக்கணும்லா" என்றாள்.

"அது என்னாடி?"

"மறைச்சு அனுப்புற எடம். அதுல போட்டா எல்லாருக்கும் போகும், ஆனா ஒருத்தருக்கு ஒருத்தரத் தெரியாது. ஒரு பெட்டி திருட்டுப் போனாலும் மத்தவங்க முகவரி அதுல இருக்காது."

"மேல இருக்கிற எடத்துல?"

"அதுல போடுற பேரு மட்டும் எல்லாருக்கும் தெரியும்."

எனக்கு அது போதும். அவள் வேலைக்குப் போனதும் உட்கார்ந்தேன். மேலே சாஆ தம்பியின் ரயில் முகவரியை மட்டும் அடித்தேன். மற்ற அறுபத்து இரண்டு பேரையும் பிசிசி என்ற திரைக்குப் பின்னால் தள்ளினேன். "பெண்ணின் தாய்மாமன் அவர்களுக்கு முதல் அழைப்பு" என்று எழுதி அனுப்பினேன். இனி யார் திறந்தாலும் அவர் பெயர் ஒன்றுதான் தெரியும், கோயில் வாசலில் ஒற்றை விளக்கு மாதிரி.

நாத்தனார் சும்மா இருப்பாளா? எல்லாருக்கும் பதில் என்ற பொத்தானைத் தட்டி, "என் பேரு எங்க அண்ணி? என்னை எதுக்கு ஒளிச்சு வெச்சீங்க?" என்று கேட்டாள். ஒளிந்திருந்தவர்கள் யாருக்கும் அது போகவில்லை. எனக்கும் சாஆ தம்பிக்கும் மட்டும் போனது. அவர் உடனே போன் போட்டார்.

"அத்தை, எனக்கு மட்டும்தான் அனுப்பினீங்கன்னு நெனச்சேன். தெப்ராவ் அம்மாவுக்கு எப்புடிப் போச்சு?"

"ஒங்க முதுகுக்குப் பின்னால நிக்கிறாங்க தம்பி. மொத்தம் அறுபத்து ரெண்டு பேரு."

"போட்டோகாரனுமா?"

"அவன் ரொம்பப் பின்னால."

பிறகு, "அந்த மருந்து?" என்றார்.

"அது திருடன் அனுப்புனது. நான் அனுப்பியிருந்தா கூடவே ஒரு சீப்பும் வெச்சிருக்க மாட்டேனா?"

அந்தப் பக்கம் அவர் சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. "தங்கச்சி வந்ததும் பேசச் சொல்லுங்க" என்றார்.

அன்றிரவு மருமகள் இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டாள்.

நான் எதிர்பார்க்காதது ஞாயிற்றுக்கிழமை நடந்தது. நாங்கள் சாஆவுக்குக் கிளம்புவதற்குள் அவரே மனைவியோடு தெப்ராவுக்குப் போய், பழத்தட்டு வைத்து என் நாத்தனாரை முறையாக அழைத்துவிட்டார். முதல் அழைப்பு கிடைத்தவர் மற்றவர்களை அழைக்க வேண்டும் என்று அவராகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாராம்.

நாத்தனார் உடனே எனக்குப் போன் போட்டாள். "பாத்தீங்களா அண்ணி, மொறைன்னா இது. பொண்ணோட மாமாவே வாசல் தேடி வந்து கூப்பிட்டாரு. நீங்களும் இருக்கீங்களே, பொட்டிக்குள்ள ஒளிச்சு வெச்சுக்கிட்டு."

"தப்புதாம்மா" என்றேன். பக்கத்தில் மருமகள், தன் அண்ணனுக்கு எந்தக் கரை வேட்டி எடுக்கலாம் என்று நான்கைந்து படங்களை என் மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தாள்.