கொய்யாக் கம்பு போட்ட திமிசு

புயல் மழையில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்த பிறகு எங்களைக் கொண்டு போய்த் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். பிள்ளைகளுக்கு வகுப்பு தொடங்கும் வரைக்கும்தான் அங்கே இடம். அதற்குள் சொந்தமாய் ஒரு கூரை போடாவிட்டால் லயத்தில் எங்களுக்கு இருந்த அந்த ஒற்றை அறைக் காம்பராவுக்கே திரும்ப வேண்டும். மேல் லயத்தை மண் மூடியதைக் கண்ணால் பார்த்தவள் நான்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் கைபேசியை நீட்டினார். எந்த நாட்டுக்காரர்களோ சாக்கில் மண்ணை நிரப்பி, அடுக்கி, இடித்து இறுக்கி வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இந்தா புள்ள, இதப் பாரு. கல்லு வேணாம், மேசன் வேணாம்."

"தோட்டத்து நெலத்துல செவரு எழுப்ப தொரைமாரு விடுவாங்களா?"

"கல்லு வச்சாத்தான் தொரைக்குக் கோவம் வரும். மண்ணு மூட்டைக்கு என்னா கோவம்?"

சிரித்துவிட்டேன். பாழாய்ப்போன ஆசை அப்படித்தான் எனக்குள் வந்தது.

லயத்தைவிட்டுத் தள்ளி, ஒரு பாறைக்குப் பக்கத்தில் நாங்கள் கோவா போட்டிருந்த காய்கறித் துண்டில் ஆரம்பித்தோம். வேலைக்கு வேண்டிய சாமான்களை நாங்களே செய்தோம். மண்ணை இடிக்கத் திமிசு வேண்டும். பெரிய மார்ஜரின் டப்பாவில் சிமெந்துக் கலவையை ஊற்றி, நடுவில் கொய்யாக் கம்பை நட்டேன். காய்ந்ததும் ஓங்கி ஒரு குத்து. கம்பு என் கையில், கல் அவர் காலடியில்.

"எங்காலுக்கா குறி வச்ச?" என்று குதித்தார்.

அடுத்த தடவை கம்பின் அடியில் ஆணிகளைக் குறுக்கே அடித்துவிட்டு ஊற்றினேன். அடியை வெட்டிய பெயின்ட் வாளிதான் சாக்குக்குள் மண் கொட்டும் புனல். மூட்டைகள் நழுவாமல் இருக்க வரிசைக்கு வரிசை நடுவே முள்கம்பி போடுவோம். வைக்கும்போதே மூட்டை அதில் மாட்டாமல் இருக்க, புயலில் விழுந்த கூரைத் தகரத்தைத் தட்டி நிமிர்த்தி வைத்திருந்தோம். அதன் மேல் மூட்டையை வைத்து, இடம் பார்த்து நகர்த்தி, தகரத்தை உருவிவிட வேண்டும். உருவுவது என் வேலை. அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

உரப்பையை எங்கள் ஆட்கள் யாரும் வீசுவதில்லை. கொழுந்து பறிக்கையில் இடுப்பில் கட்டும் படங்கு அதுதான், விறகை மூடுவதும் அதுதான், வாசலில் கால்மிதியும் அதுதான். சாக்கு வேண்டும் என்றதும் வீட்டுக்கு வீடு எடுத்துக் கழுவி, தேயிலைச் செடிமேல் காயப்போட்டு, மடித்துக் கொடுத்தார்கள். வருஷக்கணக்காய் வெயில் தின்ற பைகள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்களுக்கு மட்டும் எங்கே தோன்றியது?

சுவர் இடுப்பளவு வந்தது. ஜன்னலுக்கு இடம் விட்டேன். பிறகு நல்ல வெயில் அடித்தது. ஒரு மத்தியானம் களைப்பாற மூட்டைமேல் கையூன்றினேன். விரல் உள்ளே போனது. இழுத்துப் பார்த்தேன், பை பொடியாக உதிர்ந்தது.

"ஏங்க, இங்க வாங்களேன்."

வந்து பார்த்தார். மேலே மண் பூசிவிட்டால் தப்பிக்கலாம் என்று குழைத்தோம். மழை முந்திக்கொண்டது. விடிந்து போய்ப் பார்த்தால் சுவர் கோவாப் பாத்திக்கே இறங்கியிருந்தது. ஐயோ, முள்கம்பி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

பை கொடுத்தவர்களில் ஒருத்தி, "எங்க படங்காலதான் போச்சா அக்கா?" என்று அழுதாள். அவளைத் தேற்றுகிற வேலையும் என் தலையில் விழுந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது?

பள்ளிக்கூடம் தொடங்கியது. காம்பராவுக்குத் திரும்பினோம். சட்டி பானையை இறக்கி வைத்ததும் அவர் மண்வெட்டியையும் திமிசையும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். வெடிப்பு முன்னைவிட அகன்றிருந்தது. அவர் மண்ணை வெட்டி அதற்குள் போட்டார்.

"இதுல என்னாங்க ஆகப் போவுது?"

"சும்மா இருக்க முடியல புள்ள."

போட்ட மண் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. நான் திமிசை எடுத்து இடித்தேன். கம்பு கொஞ்சமும் ஆடவில்லை.